கற்பிட்டிக் கரையில் பேச மறுத்த பெட்டி

"புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில்..." என்று தொடங்கும் வாக்கியத்தை எனது பத்திரிகை வாழ்க்கையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. இரவுக் கடமையில் இருக்கும் உதவி ஆசிரியருக்கென்றே ஒதுக்கப்பட்ட பணி அது. வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து அறிக்கை வரும். காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர், கடல் கொந்தளிப்பாகக் காணப்படுமா, கடற்றொழிலாளர்கள் அவதானமாக இருக்க வேண்டுமா அல்லது கடலுக்கே செல்லக்கூடாதா என்பதை ஆறு வரிகளில் அடக்கி, முதற்பக்கத்தின் ஒரு மூலையில் பெட்டி கட்டிப் போடுவோம். பெரிய செய்தி ஏதும் வந்துவிட்டால் முதலில் தூக்கப்படுவதும் அந்தப் பெட்டிதான்.

பத்திரிகை கற்பிட்டிக்கோ உடப்புக்கோ போய்ச் சேரும் நேரத்தில் படகுகள் கடலுக்குப் போய் நான்கைந்து மணித்தியாலங்கள் ஆகியிருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆயினும் எழுதினோம். கடலோடிகளுக்கு அந்தச் செய்தியை உரிய நேரத்தில் கொண்டு சேர்த்தது வானொலியே. 1925 இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்திப் பொறியியலாளர் கொழும்பில் ஒலிபரப்பைத் தொடங்கிவைத்த காலத்தில், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பாகங்களைக் கொண்டே அவர் தமது பரிசோதனைகளைச் செய்தார் என்பார்கள். கடலுக்கடியில் கிடந்த கருவிதான் கரையில் எங்கள் வானொலியானது. ஆனால் ஒலிபரப்பு வானொலிக்கு ஒரு குறை உண்டு. அது சொல்லும், கேட்காது. கடலில் இருப்பவன் கரையுடன் பேச வேண்டுமென்றால் இருவழி வானொலி வேண்டும். அவனுக்குப் பதில் சொல்லக் கரையில் ஒரு நிலையப் பெட்டியும் வேண்டும்.

இந்தப் பதிவு அப்படிப்பட்ட பெட்டியொன்றைப் பற்றியது.

2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' சூறாவளியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். யேமன் நாடு சூட்டிய பெயர். சொகோத்ரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயராம். களப்பின் பெயர் கொண்ட புயல், களப்பையே வாழ்வாகக் கொண்ட புத்தளம் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நவம்பர் 28 ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய அந்தப் புயலால் நாடு முழுவதிலும் 600 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தெதுறு ஓயா பெருகிச் சிலாபம் நீரில் நின்றது. கலா ஓயாவில் வெள்ளத்தில் சிக்கிய பேருந்தின் பயணிகள் கூரையொன்றில் இரவைக் கழித்துப் பின்னர் மீட்கப்பட்டனர். 30 ஆம் திகதி லுணுவிலவில் நிவாரணப் பணியிலிருந்த விமானப் படையின் ஹெலிகொப்டர் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். இவையெல்லாம் செய்தியாயின. கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரைக் கிராமம் ஒன்றில், மீனவர் சங்க மண்டபத்து மூலையில் இருந்த ஒரு பெட்டி அன்றிரவு விழிக்க மறுத்தது செய்தியாகவில்லை. செய்தியாகும் விடயமும் அல்ல.

ஊரின் பெயரையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஏனென்பது போகப்போகத் தெரியும்.

புயலுக்குச் சில வாரங்கள் கழித்து, பழைய நண்பர் ஒருவரின் அழைப்பில் அந்தப் பக்கம் சென்றிருந்தேன். பாலாவியில் பிரதான வீதியை விட்டுத் திரும்பினால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், இடையில் உப்பளங்களும் தென்னையும். நுரைச்சோலையின் புகைபோக்கி நெடுந்தூரம் கூடவே வரும். இங்கே தமிழ் பேசும் முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள், சிங்களம் பேசும் மீனவர்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து வேரூன்றியவர்கள் எனப் பலரும் ஒரே கரையில் வலை உலர்த்துகிறார்கள். குடாநாட்டின் முனைக்கு அப்பால் வடக்கே கரைத்தீவு, இப்பந்தீவு, பத்தலங்குண்டு என்று தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அங்கே ஓலை வாடிகள் அமைத்துத் தங்கித் தொழில் செய்பவர்கள் உண்டு. அந்த வாடிகளுக்கும் கரைக்கும் இடையே கடல்தான் பாதை.

நான் சென்ற ஊரின் சங்கச் செயலாளர் நாற்பது வயதைத் தாண்டாதவர். சூறாவளியின்போது அவரது தம்பி தீவு வாடியொன்றில் இருந்திருக்கிறார். எச்சரிக்கை வந்த மாலையில் செயலாளர் மண்டபத்துக்கு ஓடி, வாடியிலிருந்த படகுகளை அழைப்பதற்காகப் பெட்டியை முடுக்கினார். முகப்பில் வெளிச்சம் ஒரு கணம் மின்னி மறைந்தது. பிறகு ஒன்றுமில்லை. சற்று நேரத்தில் ஊரின் மின்சாரமும் போயிற்று. கைத்தொலைபேசியிலும் சமிக்ஞை இல்லை. மண்டப வாசலில் நின்ற முச்சக்கர வண்டியின் பற்றரியைக் கழற்றிவந்து, மழை ஒழுகும் கூரையின் கீழ், கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்பிகளைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அப்போதும் பெட்டி வாய் திறக்கவில்லை.

நான்கு நாட்கள் தம்பியைப் பற்றிய தகவல் இல்லை. ஐந்தாம் நாள் தம்பி தமது படகிலேயே வந்து இறங்கினார். வாடியின் கூரை மட்டும் போயிருந்தது. ஆனால் அந்த நான்கு நாட்களும் தாயார் மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். மகன் வந்த பிறகு மண்டபத்தின் பக்கமே அவர் வருவதில்லை. மூத்த மகனுடன் பேச்சும் குறைந்துவிட்டது. சங்கத்திலோ வேறு கதை. பெட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு செயலாளருடையது. அவரது கவனயீனத்தால் அது கெட்டுவிட்டது. அவர் விலக வேண்டும் என்று ஒரு சாரார் பேசத் தொடங்கியிருந்தனர். அன்று மாலை அதற்கான கூட்டம். அதற்கு முன் பெட்டியில் என்னதான் பழுது என்று பார்த்துச் சொல்லும்படி புத்தளத்திலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள்.

அவரை எல்லோரும் நானா என்றே அழைத்தனர். எழுபதைக் கடந்தவர். எழுபதுகளில் வால்வு வானொலிகளைத் திருத்தத் தொடங்கி, பிறகு சவூதியில் பதினான்கு ஆண்டுகள் கம்பனி வாகனங்களின் வோக்கிகளைப் பழுதுபார்த்தவர். கையில் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டி. அதற்குள் பல்மானி, பற்றவைக்கும் கோல், அரத்தாள், இரண்டு வயர் துண்டுகளின் நுனியில் பற்றவைத்த மோட்டார் சைக்கிள் மின்குமிழ் ஒன்று. அந்தக் குமிழை நான் முதலில் பொருட்படுத்தவில்லை.

நானா வந்தவுடன் பெட்டியைத் தொடவில்லை. கதிரையில் அமர்ந்து தேநீர் கேட்டார். பிறகு செயலாளரைப் பார்த்து, "மகன், அன்றைக்கு நடந்ததை முதலில இருந்து சொல்லுங்க. நீங்க என்ன நினைச்சீங்க என்கிறது வேணாம். கண்ட மாதிரியே சொல்லுங்க" என்றார். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எனது செய்தி ஆசிரியர் எனக்குச் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்.

செயலாளர் சொன்னார். நானா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "பற்றரியைப் பிடிக்கக்குள்ள ஏதும் சத்தம் கேட்டிச்சா? 'சடக்' என்று ஒரு பொறி மாதிரி?"

செயலாளர் சற்றுத் தாமதித்தே பதில் சொன்னார். "மழைச் சத்தத்தில ஒண்டும் விளங்கல்ல, நானா."

நானா தலையசைத்துவிட்டு எழுந்தார்.

இங்கே வாசகர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. கரை நிலையப் பெட்டி என்பது பெரும்பாலும் படகில் பூட்டும் அதே வகைப் பெட்டிதான். மேசையில் வைத்து, வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற்றை 13.8 வோல்ற் நேரோட்டமாக மாற்றும் மின்வழங்கி ஒன்றுடன் இணைத்துவிட்டால் அது நிலையமாகிவிடும். படகைவிடக் கரைக்கு உள்ள அனுகூலம் உயரம். வி.எச்.எப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. கடலின் வளைவு மறைத்தால் அவை எட்டா. உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் கிலோமீற்றரில் எட்டும் தூரம் கிடைக்கும் என்பது ஓர் அண்ணளவான கணக்கு. 16 மீற்றர் கம்பத்துக்கு 16 கிலோமீற்றர். படகில் 4 மீற்றர் உயர அன்ரனாவுக்கு 8. இரண்டையும் கூட்டினால் 24. படகும் படகும் பேசிக்கொண்டால் அதே கணக்கில் 16 தான். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் பலநாட் படகுகளுக்கு இது போதாது. அவை வானத்து அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் எஸ்.எஸ்.பி. அலைகளை நம்புபவை. இந்த ஊரில் இருப்பவை ஒருநாட் படகுகளும் வாடிப் படகுகளுமே. அவற்றுக்குக் கம்பத்து உச்சியில் ஒரு அன்ரனாவும் அதன் கீழே விழித்திருக்கும் ஒரு பெட்டியும் போதும்.

நானா முதலில் செய்தது பிரித்து வைப்பது. மின்வழங்கியை ஒரு பக்கம் ஒதுக்கினார். அன்ரனா வயரைக் கழற்றினார். "சந்தேகமான ரெண்டு சாமானை ஒண்டா வைச்சுச் சோதிக்கக் கூடாது, ஐயா. எது குற்றவாளி என்று விளங்காது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தாம் கொண்டுவந்த பற்றரியை மேசையில் வைத்தார். பல்மானியில் 12.6 வோல்ற் காட்டியது. நல்ல பற்றரி.

அடுத்து, பெட்டியிலிருந்து வரும் இரண்டு கம்பிகள். ஒன்று சிவப்பாகவும் மற்றது கறுப்பாகவும் இருக்க வேண்டும். இங்கே சன்னலோரம் ஆண்டுக்கணக்கில் வெயில் குடித்துச் சிவப்பு வெளுத்திருந்தது. கறுப்பு தூசியும் உப்பும் படிந்து சாம்பலாகியிருந்தது. பட்டப்பகலிலேயே எது எதுவென்று நான் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. நானா விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கம்பியின் நடுவே உருகி. ஊரில் பியூஸ் என்றுதான் சொல்வோம். மூடியைத் திருகி எடுத்துக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே இழை அறுந்திருந்தது மட்டுமல்ல, கண்ணாடியின் உட்புறம் கரியும் வெள்ளியும் கலந்து பூசியதுபோல் மங்கியிருந்தது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. பியூஸ் வயதாகியோ சற்றுக் கூடுதலான பாரத்தாலோ போனால் இழை நடுவில் மெல்ல உருகி அறும். கண்ணாடி தெளிவாகவே இருக்கும். கண்ணாடி கறுத்திருந்தால் மின்னோட்டம் வெள்ளம்போல் ஒரே கணத்தில் பாய்ந்திருக்கிறது என்று பொருள். அதாவது எங்கோ குறுஞ்சுற்று. அப்படியான இடத்தில் புதிய பியூஸைப் போட்டால் அதுவும் போகும். பெரிய பியூஸாகப் பார்த்துப் போடுபவர்களும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுபவர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் பெட்டி நிஜமாகவே எரிகிறது.

நானா பியூஸுக்குப் பதிலாக அந்த மோட்டார் சைக்கிள் குமிழை இணைத்தார். பற்றரியைத் தொட்டதும் குமிழ் பளிச்சென்று முழு வெளிச்சத்துடன் எரிந்தது. பெட்டியின் சுவிட்ச் அப்போது போடப்படவே இல்லை. பெட்டியின் பின்னாலுள்ள இணைப்பைக் கழற்றினார். குமிழ் அணைந்தது. மீண்டும் செருகினார். எரிந்தது. "கம்பியில பிழை இல்ல. உள்ளுக்குத்தான்" என்றார். மின்னோட்டம் எவ்வளவு பாய முனைந்தாலும் குமிழ் அதைத் தன்னளவுக்கு மேல் விடாது. பிழை இருக்கிறதா என்று வெளிச்சத்தால் சொல்லிவிடும். ஒரு பியூஸையும் வீணாக்காமல், எதையும் புகைக்காமல் கிடைத்த விடை.

மூடியின் எட்டுத் திருகாணிகளில் மூன்று துருப்பிடித்து இறுகியிருந்தன. அவற்றைக் கழற்றவே அரை மணித்தியாலம் சென்றது. அந்த இடைவேளையில் எனக்கு 'டைட்டானிக்' நினைவு வந்தது. அந்தக் கப்பலின் கடைசி இரவில் ஜாக் பிலிப்ஸும் ஹரோல்ட் பிரைடும் உதவி கேட்டுத் தந்தி அடித்தது உலகத்துக்கே தெரியும். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன் அவர்களது தந்திக் கருவி பழுதாகிக் கிடந்தது என்பது பலருக்குத் தெரியாது. இருவரும் இரவிரவாகப் பல மணித்தியாலங்கள் தேடி, மின்மாற்றியின் கம்பியொன்று கருகி இரும்புச் சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அது திருத்தப்படாமல் இருந்திருந்தால், 1912 ஏப்ரல் 15 விடியற்காலையில் 'கார்பேத்தியா' கப்பல் அந்தத் திசைக்குத் திரும்பியிருக்குமா என்பது ஐயமே. 700 க்கும் மேற்பட்டோர் பிழைத்ததற்கு ஒரு கம்பியின் காப்பும் காரணம்.

பெட்டி திறந்தது. மின்சாரம் நுழையும் இடத்துக்கு அருகிலேயே, ஒரு பயற்றங்கொட்டை அளவில் கறுப்பு உருளை ஒன்று இரண்டாக வெடித்திருந்தது. அது டயோட். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு போன்றது. உள்வரும் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அதைப் பூட்டியிருப்பார்கள். கம்பிகள் சரியாக இணைக்கப்படும்வரை அது எதுவும் செய்யாது. நேரும் மறையும் மாறி இணைக்கப்பட்டால் மாத்திரம் அது விழித்துக்கொண்டு, மின்னோட்டம் முழுவதையும் தன்மீது ஏற்று, பியூஸை அறுத்துப் பெட்டியின் மற்றப் பாகங்களைக் காப்பாற்றும். அந்த முயற்சியில் சில வேளை அதுவும் உயிரை விடும். உயிரை விட்ட டயோட் இருபக்கமும் மின்சாரத்தை விடும் வெறும் கம்பியாகிவிடும். குமிழ் எரிந்தது அதனால்தான்.

அதாவது, இந்தப் பெட்டிக்கு யாரோ பற்றரியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

மண்டபத்தில் நாங்கள் மூவர். செயலாளர் சன்னலருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு விளங்கியது. யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்று கேட்டே பழகிய நாக்கு. முதல் சொல்லை உச்சரிக்க வாயெடுத்தேன். நானா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குறட்டால் அந்த டயோடைக் கத்தரித்து எடுத்துத் தமது சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கறுத்த பியூஸும் அதே பைக்குள் போயிற்று.

தகரப்பெட்டியைக் கிளறி இன்னொரு டயோடைத் தேடிப் பற்றவைத்தார். அது ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட ஆகாத சாமான். வெள்ளை வளையம் எந்தப் பக்கம் என்று இருமுறை சரிபார்த்தார். குமிழை மீண்டும் இணைத்தார். இம்முறை குமிழ் எரியவில்லை. பெட்டியின் சுவிட்சைத் திருகியதும் குமிழின் இழை மட்டும் மெல்லச் சிவந்தது. பெட்டியின் முகப்பில் வெளிச்சம் வந்தது. ஒலிபெருக்கியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். செயலாளர் சன்னலிலிருந்து ஓடிவந்தார்.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. புதிய பியூஸைப் போட்டுப் பற்றரியை அகற்றி, மண்டபத்து மின்வழங்கியுடன் பெட்டியை இணைத்தபோது முகப்பு ஒரு கணம் மின்னி மறைந்தது. புயல் நாளின் மாலையில் நடந்ததாகச் செயலாளர் சொன்ன அதே காட்சி.

நானாவின் முகத்தில் அன்று முதன்முறையாக ஆர்வம் தெரிந்தது. "இதுதான் மூலம்" என்றார்.

மின்வழங்கியின் முனைகளில் பல்மானியை வைத்தார். 13.8. கம்பியின் மறுநுனியில் வைத்தார். அங்கும் 13.8. எண்ணில் குறையில்லை, ஆனால் பெட்டி இயங்கவில்லை. இந்த இடத்தில்தான் பலர் பெட்டியைக் குற்றஞ்சாட்டிக் குப்பையில் போடுகிறார்கள் என்றார் நானா. பல்மானி மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. மயிரிழை அளவு தொடர்பு எஞ்சியிருந்தாலும் அது முழு வோல்ற்றைக் காட்டிவிடும். வேலை செய்யும் பெட்டிக்கோ மின்னோட்டம் வேண்டும். அது இழுக்கத் தொடங்கியவுடன் வோல்ற் சரிந்துவிடுகிறது. எனவே பாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெட்டி இருந்த இடத்தில் குமிழை வைத்தார். குமிழ் பூனைக்கண் போல மங்கலாக எரிந்தது. அது எரிந்துகொண்டிருக்கும்போதே பல்மானியின் ஒரு முனையை மின்வழங்கியின் மறை முனையிலும், மற்றதை அதில் திருகப்பட்டிருந்த கம்பியின் செம்பிலும் வைத்தார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள். அவற்றுக்கிடையே ஒன்றும் காட்டக்கூடாது. ஏழு வோல்ற்றுக்கு மேல் காட்டியது.

திருகியைக் கழற்றினார். வளைய முனையின் அடிப்பக்கம் முழுவதும் பச்சைக் களிம்பு. செம்பைக் கடற்காற்று தின்று விட்டுச் சென்ற எச்சம். மேலிருந்து பார்த்தபோது பளபளப்பாகவே இருந்தது. அதைப் பராமரிப்பவர் தினமும் துடைத்திருந்தாலும் கண்டிருக்க முடியாது.

அரத்தாளால் இரண்டு நிமிடங்கள். வளைய முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார். அதன்மீது சிறிது கிறீஸ். மீண்டும் குமிழ், முழு வெளிச்சம். பெட்டியை இணைத்தார். விழித்தது, விழித்தே இருந்தது.

ஒழுங்கு எனக்கு இப்போது தெளிவாயிற்று. அன்று மாலை பெட்டியில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. உப்புப் பிடித்த ஒரு திருகிதான் பழுது. பெட்டி விழிக்காததால் பதற்றம். மின்சாரமும் போனதால் இருட்டு. இருட்டில் நிறம் தெரியாத இரண்டு கம்பிகள். அடுத்த கரையில் தம்பி.

அன்ரனாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புயல் கம்பத்தைச் சற்றுச் சாய்த்திருந்தது. அன்ரனாவைப் பூட்டாமல் பேசும் விசையை அழுத்தக்கூடாது, அழுத்தினால் அனுப்பும் பகுதி கருகிவிடும் என்று நானா செயலாளரிடம் இருமுறை சொன்னார். திரும்பிவரும் அலையை அளக்கும் சிறு மானியைப் பூட்டிப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே கைக்கருவியை எடுத்தார். ஆபத்து அழைப்புக்கான 16 ஆம் அலைவரிசையில் பரீட்சித்துப் பார்ப்பது தவறு என்பதால், சங்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட வேறொரு அலைவரிசைக்கு மாற்றினார். இவற்றுக்கெல்லாம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சங்கம் அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சற்று வியப்பாக இருந்தது. யுத்த காலத்தில் 'தொலைத்தொடர்பு உபகரணம்' என்ற சொற்றொடர் எங்கள் செய்திகளில் வந்ததெல்லாம் கைப்பற்றப்பட்ட பொருட்களின் பட்டியலில்தான். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்து அம்பாந்தோட்டையின் தொலைபேசிகள் செத்தபோது, விக்டர் குணதிலக்கவும் அவரது சக அமெச்சூர் வானொலியாளர்களும் சிற்றலைக் கருவியுடன் அங்கு சென்று கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினார்கள். கார் பற்றரியில் இயங்கக்கூடிய கருவிகள் அவை. அதன் பிறகுதான் எங்களில் பலர் அந்தப் பொழுதுபோக்காளர்களைப் பற்றி மரியாதையுடன் எழுதத் தொடங்கினோம்.

செயலாளர் அழைத்தார். இரண்டாம் அழைப்புக்குப் பதில் வந்தது. களப்பின் வாயருகே வலை இறக்கிக்கொண்டிருந்த படகு ஒன்று. "யார் அது? செற் வேலை செய்யுதா?" என்ற குரலைக் கேட்டு மண்டபத்துக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள். இருபது பேருக்குக் குறையாது.

அவர்களில் முதியவர் ஒருவர் நானாவிடம் நேரடியாகவே கேட்டார். "என்ன பழுது, நானா? ஆள் செஞ்ச பிழையா, சாமான்ட பிழையா?"

செயலாளரின் கையில் கைக்கருவி அப்படியே இருந்தது.

"உப்பு" என்றார் நானா. பச்சைக் களிம்பு படிந்த அந்த வளைய முனையை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். "இந்தாங்க, இதுதான். கரண்ட் உள்ளுக்குப் போக வழியில்ல. உள்ளுக்கும் ஒரு சின்னச் சாமான் போயிருந்திச்சு, அதையும் மாத்தினேன். கடற்கரையில வைச்சிருக்கிற சாமான். ஆறு மாதத்துக்கு ஒருக்கா இந்தத் திருகியைக் கழற்றித் துடைக்கோணும். அதை உங்களில யாருக்கும் யாரும் சொல்லித் தரல்ல."

நாற்பது ஆண்டுகள் பிறர் எழுதிய செய்திகளைச் செப்பனிட்டவன் என்ற முறையில் அந்த வாக்கியங்களை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. திருத்த வேண்டிய இடம் எதையும் நான் காணவில்லை.

கூட்டம் வேறு திசையில் போயிற்று. திருகியைக் கழற்றித் துடைப்பது யார், மின்சாரம் இல்லாதபோது பயன்படுத்த நிரந்தரமாக ஒரு பற்றரி வைப்பதா, அதற்குப் பணம் எங்கிருந்து என்று வாதம் தொடங்கியது. பணத்தைப் பற்றிய வாதம் என்றபடியால் நீண்ட நேரம் சென்றது. தலைவர் பேசும்போது பின்வரிசையில் சிலர் கடுதாசி விளையாடினார்கள். பற்றரி வாங்குவது என்று ஈற்றில் முடிவாயிற்று. செயலாளர் விலகுவது பற்றி எவரும் பேசவில்லை.

இருட்டும் நேரத்தில் ஒரு வயதான பெண்மணி மண்டபத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஒலிபெருக்கியில் படகுகள் பேசிக்கொள்வதைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்பாடு ஆறுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். செயலாளர் எழுந்து பின்னால் போனார்.

நானா இன்னும் புறப்படவில்லை. மேசையின் அடியில் குந்தியிருந்தார். பற்றரிக்கான இரண்டு கம்பிகளின் நுனியிலும் ஒரு பக்கமாக மட்டுமே செருகக்கூடிய பிளாஸ்ரிக் இணைப்பான் ஒன்றைப் பூட்டிவிட்டிருந்தார். அதற்குப் பிறகும் எழும்பாமல், நேர் முனைக் கம்பியை எடுத்து அதில் ஒரு முடிச்சைப் போட்டார். இறுக்கமான, சிறிய முடிச்சு. கண்களை மூடிக்கொண்டு இரண்டு கம்பிகளையும் விரல்களுக்கிடையே மாற்றி மாற்றி உருட்டிப் பார்த்தார். பிறகு தகரப்பெட்டியை மூடினார்.